சப்பை பின் கீபோர்டு

செங்கொடியின் இடுப்பு விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்துகொண்டது. செங்கொடி ஏழு மணிக்குத்தான் எழுந்தாள். நடுவில் இருந்த இரண்டரை மணி நேரமும் அவளும் வலியும் ஒரே பாயில் ஒன்றும் பேசாமல் கிடந்தார்கள்.

எண்ணூரில் ஓர் உப்பு குடோனில் பன்னிரண்டு வருஷம் குனிந்து மூட்டை தைத்தவள். கையில் தங்கியது அந்த வலி மட்டும். பிறகு யூனியன் ஆபீசில் டீ வாங்கிக் கொடுத்தாள், வக்கீல்களுக்கு ஃபைல் தூக்கினாள், எந்த ஆபீசில் எந்தக் காகிதம் எந்த பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் என்று தெரிந்துகொண்டாள். இப்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் ‘விவரம் சேகரித்துத் தரப்படும்’ என்று ஒரு போர்டு. ‘துப்பறியும் நிபுணர்’ என்று போடச் சொன்னதற்கு பெயிண்டர், அவ்வளவு எழுத்துக்குப் பலகையில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. 2005 ஜூலை. ஒன்பது மணிக்கு அந்த அறையில் நாலு பேர் இருந்தார்கள், மூன்று நாற்காலிகள் இருந்தன. நின்றவன் பொன்ராஜ், அவளுடைய உதவியாள். முகத்துவாரக்குப்பத்து மீனவன் மகன். கடலில் அரை மைல் போனால் வாந்தி எடுப்பான் என்பதால் குப்பம் அவனைக் கரைக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. இரண்டு வருஷம் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவன்.

செங்கொடிக்கு எதிரே புஷ்பவல்லி. அவள் பக்கத்தில் லோகநாதன். அவன் புஷ்பவல்லியின் புருஷன் ஜெயவேலோடு ஒரே கன்டெய்னர் யார்டில் வேலை பார்த்தவன். புஷ்பவல்லியை இந்த மாடிக்கு முதன்முதலில் கூட்டி வந்தவனும் அவன்தான்.

மேஜை மேல் ஒரு யூரியா சாக்கு. அதற்குள்ளிருந்து ஜெயவேலின் ஹெல்மெட்டும் டிபன் பாக்ஸும் வெளியே வந்திருந்தன. மூன்றாவதாக வந்தது உள்ளங்கை அளவில் ஒரு கைக்கணினி.

விஷயம் இவ்வளவுதான். மார்ச் ஒன்பதாம் தேதி, மணலி பக்கத்து யார்டு ஒன்றில், டேலி கிளார்க் ஜெயவேல் நம்பர் சரிபார்க்க ஏறிய கன்டெய்னர் அடுக்கிலிருந்து விழுந்தான். மாலை மூன்று நாற்பது. இரவு ஒன்பது மணிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உயிர் போனது. நஷ்டஈடு கேட்டு புஷ்பவல்லி போட்ட வழக்கில் கம்பெனி ஒரே ஒரு காகிதத்தை நீட்டியது. ‘டோக்கன் 31. ஜெயவேல். ஷிப்டு முடிவு 15:00.’ மூன்று மணிக்கே வேலையை முடித்துக்கொண்டவன் மூன்று நாற்பதுக்கு ஏன் மேலே ஏறினான் என்று எங்களுக்குத் தெரியாது, அவன் வேலை நேரத்தில் சாகவில்லை என்றது. நாளை திங்கள் காலை பத்தரைக்குத் தேனாம்பேட்டை லேபர் ஆபீசில் கடைசி விசாரணை.

அந்த ‘15:00’ இந்தக் கைக்கணினியிலிருந்துதான் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. விழும்போது ஜெயவேலின் இடுப்பில் இருந்தது இது. உடைந்துபோன சாமான்தானே என்று யாரோ டிபன் பாக்ஸோடு சேர்த்துச் சாக்கில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்போது கம்பெனிக்கு ஞாபகம் வந்திருக்கிறது. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எங்கள் ஆள் வருவார், ஒப்படைக்கவும், தவறினால் திருட்டுப் புகார் என்று கடிதம்.

“ஆறு மணிக்கு அவனுங்க கைக்குப் போச்சின்னா, நாளைக்கு இப்படி ஒரு மெஷினே பொறக்கலன்னு சொல்லுவானுங்க,” என்றாள் செங்கொடி. “அதுக்குள்ள இதும் வயித்துல இன்னா கீதுன்னு பாக்கணும்.”

பொன்ராஜ் அதை எடுத்துத் திருப்பினான். திரையில் ஒரு விரிசல், மூலைக்கு மூலை. பின்னால் வெளிச்சம் மங்கலாக இருந்தது. ‘தொடங்க இங்கே தொடவும்’ என்ற வரி தெரிந்தது. மெஷினின் ஓரத்தில் செருகியிருந்த பிளாஸ்டிக் குச்சியை உருவித் தொட்டான். அது கண்டுகொள்ளவில்லை.

“படம் தெரியுது, தொட்டா ஒணத்தி இல்ல. வெரலால தொட்டேன், நகத்தால தொட்டேன், மூக்கால கூட தொட்டுட்டேங்க்கா.”

“வேற வழி?”

“உள்ள ஓடறது லினக்ஸு. சைடுல சப்பையா யூஎஸ்பி ஓட்ட ஒண்ணு கீது. அதுல ஒரு கீபோர்டு சொருவினா குச்சியே வேணாம். தட்டிகினே உள்ள பூந்துடலாம்.”

லோகநாதன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “கன்வெர்ட்டர் கின்வெர்ட்டர்னு வாங்கி ஏமாந்துடாத நைனா. உருண்ட பின்னு கீபோர்டுக்கு சப்ப மூடி போட்டா ஒத்துக்காது. பொறப்புலயே சப்ப பின்னா இருக்கணும்.”

“வாத்தியாரு சொல்லிட்டாரு,” என்றான் பொன்ராஜ். கம்ப்யூட்டர் விஷயத்தில் இன்னொருவன் புத்தி சொல்வது அவனுக்குப் பிடிக்காது.

புஷ்பவல்லி டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து பார்த்தாள். நாலு மாதத்துக்கு முன்பே கழுவி வைத்தது. மூடினாள்.

“நாளைக்கு தோத்துட்டா அப்பீலு கிப்பீலு கீதாக்கா?” என்றாள்.

“பேருக்கு கீது. போறதுக்கு ஒனக்குத் தெம்பு இல்ல, எனக்கும் இல்ல. நாளைக்கே ஜெயிக்கணும்.”

புஷ்பவல்லி தலையாட்டினாள். அழவில்லை. அழுகிற கட்டத்தை அவள் ஏப்ரலிலேயே தாண்டிவிட்டிருந்தாள்.

*

பொன்ராஜ் பழைய வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் எட்டு கீபோர்டு இருந்தது. எட்டும் உருண்டை பின். முதலாளி ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான், போன தடவை குடித்த டீயைப் பற்றி ஞாபகப்படுத்திவிட்டு.

புதிதாக ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை. ரிச்சி தெருவில் ஷட்டர் எல்லாம் தரையில். யானைக்கவுனியில் பிளாட்பாரக் கடை இருக்கும் என்று பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் செங்கொடிக்கு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று நின்றே வந்தாள்.

பிளாட்பாரத்தில் பழைய ஒயர்களைக் குவித்து வைத்திருந்த ஆள், ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் சப்பையாக விரல் நீளத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கன்வெர்ட்டர். பொன்ராஜ் அங்கேயே குந்தி கீபோர்டை அதில் செருகி, அதைக் கைக்கணினியில் செருகினான்.

கீபோர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. கழற்றிச் செருகினான். ஊதிச் செருகினான். கண்ணை மூடிக்கொண்டு செருகினான்.

“சாமி கும்புட்டாலும் ஆவாது,” என்றான் கடைக்காரன். “வாய மாத்தலாம், பாஷய மாத்த முடியாது. அந்த கீபோர்டுக்கே யூஎஸ்பி தெரிஞ்சாத்தான் இந்த மூடி வேல செய்யும். இது அந்தக் காலத்து சரக்கு, அதுக்குத் தெரியாது.”

“அத விக்கறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா நைனா?”

“வித்தப்பறம்தான கேட்ட.”

லோகநாதன் சொன்னதுதான் நடந்தது. பொன்ராஜ் கன்வெர்ட்டரைச் சட்டைப் பையில் திணித்தான். செங்கொடி அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. மணி பன்னிரண்டே கால்.

“பொறப்புலயே சப்ப பின்னு கீபோர்டு இந்தப் பக்கம் யாராண்ட கெடைக்கும்?” என்று அவள் கடைக்காரனைக் கேட்டாள்.

“நம்ம ஏரியாவுல எவன் வச்சிருக்கான். ஒண்ணே ஒண்ணு நான் பாத்திருக்கேன். ராயபுரம் கல்மண்டபத்தாண்ட குப்பம்மான்னு ஒரு அம்மா, கப்பல் சாமான் விக்கும். அதாண்ட இருந்திச்சு. நான் கேட்டதுக்கு விக்க மாட்டேன்னுடுச்சு.”

*

கப்பல்காரர்கள் கரையில் இறங்கும்போது சாராயத்துக்கும் போனுக்கும் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போகிற சாமான்தான் குப்பம்மாவின் கடை. சோப்பு, காபி டின், கம்பளி, காலையும் மாலையும் தப்பாகவே காட்டும் கடிகாரம். நடுவில் ஸ்டூல் போட்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலைக்கு மேல் ஓர் ஆணியில் அந்த கீபோர்டு தொங்கியது. சாம்பல் நிறம். எழுத்துகளின் ஓரத்தில் கொரியா நாட்டு எழுத்துகள், குட்டிக் குட்டிப் பெட்டியும் வட்டமுமாக. ஒயர் முனையில் சப்பை பின்.

“இன்னாடா, கண்ணாலயே வாங்கிகினு கீற.”

“சாயங்காலத்துக்குள்ள திருப்பித் தந்துடறேங்க்கா. ஒரு மணி நேர வேல.”

“விக்கறதில்ல. வேணும்னா இரவலு. அடமானம் வச்சுட்டுப் போ.”

பொன்ராஜ் வாட்சைக் கழற்றினான்.

“அத நீயே வச்சிக்கோ. என்னாண்ட ஓடாத கடியாரம் எட்டு கீது. செருப்பக் கயட்டு.”

“செருப்பா?”

“வாட்ச வச்சவன் ரெண்டு பேரு அப்டியே போய்ட்டான். செருப்ப வச்சவன் ஒருத்தன் கூடப் போனதில்ல. வெறுங்கால்ல எவ்ளோ தூரம் ஓடுவ, நீயே சொல்லு.”

செங்கொடி முப்பது வருஷமாகப் பார்த்த அடமானங்களில் இது ஒன்றுதான் கணக்குச் சரியாக இருந்தது. பொன்ராஜ் செருப்பைக் கழற்றி ஸ்டூலுக்கு அடியில் வைத்தான். வெளியே ஜூலை மாதத் தார் ரோடு. எதிரே இருந்த டீக்கடைக்கு அவன் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது.

“குரங்காட்டிக்குக் குரங்கு மாதிரி கீற,” என்றாள் செங்கொடி.

“குரங்குக்கு வாழப்பழமாவது கெடைக்கும்.”

டீக்கடை பெஞ்சில் கீபோர்டைச் செருகினான். அதன் ஓரத்தில் பச்சை விளக்கு ஒரு தடவை எரிந்தது. உடனே கைக்கணினியே அணைந்துபோனது.

“இன்னாச்சு?”

“கீபோர்டுக்கும் கரண்டு இதுதான் ஊட்டணும். இதுவே பட்டினியில கீது, வூட்டுக்கு விருந்தாளி வந்தா மயக்கம் போடாம இன்னா பண்ணும்.”

பெட்டிக் கடையில் மூன்று பென்சில் பேட்டரி வாங்கி வந்து மாற்றினான். மறுபடி செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. அணையவில்லை. திரையின் ஓரத்தில் தேதி வந்தது.

“அக்கா, பேட்டரி செத்ததுல கடியாரம் மொதல்ல இருந்து ஆரம்பிச்சிடுச்சு. இதுக்கு இன்னிக்கி 1970, ஜனவரி ஒண்ணு. நீ ஸ்கூலுக்குப் போய்கினு இருந்திருப்ப.”

“எழுவதுல நான் குடோன் வாசல்ல சிந்தின உப்ப பொறுக்கினு இருந்தேன். வேலயப் பாரு.”

பொன்ராஜ் என்டர் கீயைத் தட்டினான். நாலு மாதமாக யாரையும் உள்ளே விடாத ‘தொடங்க இங்கே தொடவும்’ ஒரு தட்டில் விலகிக்கொண்டது.

அதற்குப் பிறகு அவன் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து கடகடவென்று தட்டினான். எது செருகினாலும், எது பிடுங்கினாலும், எது எழுதினாலும் இந்த மெஷின் நேரம் போட்டுக் குறித்து வைத்துக்கொள்ளும் என்றான். யாரும் படிப்பார்கள் என்று எதிர்பார்த்து எழுதுவதில்லை, அதனால் பொய் எழுதாது.

மார்ச் ஒன்பதில் போய் நின்றான். படித்தான். டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

“அக்கா. ‘டோக்கன் 31, ஷிப்டு முடிவு 15:00’. இது உள்ள ஏறின நேரம் இன்னா தெரியுமா? சாயங்காலம் ஆறு இருவத்தி ரெண்டு.”

“ஆறு இருவதுல ஜெயவேல் ஸ்டான்லியில தரையில படுத்துகினு கீறான்.”

“அதான். அவன் போடல. வேற எவனோ பின்னாடி போட்டிருக்கான். அதுக்கு ரெண்டு நிமிசம் முன்னாடி, ஆறு இருவதுக்கு, ஒரு கீபோர்டு சொருவிக்கீது. கண்ணாடி ஒடஞ்சதுனால குச்சி ஒத்துக்கல, கீபோர்டு தேடியிருக்கானுங்க. மாட்டுனானுங்க கம்பெனிக்காரனுங்க.”

செங்கொடிக்கு சந்தோஷம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பச் சொன்னாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பொருத்திப் பார்க்க வரும். பீரோக்களுக்குப் பின்னால் கிடந்த காகிதங்களில் பாதியை அவள் அப்படித்தான் கண்டுபிடித்தாள்.

“இந்த மேல் வரி அன்னிக்கி சொருவினது. கீழ் வரி?”

“இப்ப நாம சொருவினது. ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கீது பாரு.”

“ரெண்டு வரியிலயும் கடைசில ஒரே எழுத்து வந்துகீதே. அது இன்னா?”

“அது கீபோர்டு பேரு. சொருவினா அது தன் பேரச் சொல்லும். ‘மிர்யோ’ன்னு...” என்று படித்தவன் நிறுத்தினான்.

செங்கொடி கீபோர்டைத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் ஒட்டியிருந்த தாளில் அதே எழுத்து.

ஒரு மீன் லாரி தண்ணீர் ஒழுகிக்கொண்டே போனது.

“கம்பெனிக்காரன்னா,” என்றாள் செங்கொடி மெதுவாக, “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்த எடத்துலயே நம்பர மாத்திட்டுப் போயிருப்பான். கல்மண்டபத்துக்கு வந்து கப்பல் சாமான் கடையில இரவல் கேக்க மாட்டான். இந்த மெஷின மட்டும்தான் தொட முடியும்னு கீறவன் ஒருத்தன், நம்மள மாதிரியே தெருத் தெருவா அலைஞ்சிருக்கான்.”

“நம்ம ஆளா?”

“வா.”

*

குப்பம்மாவுக்கு ஆள் பேர் தெரியாது. தேதியும் தெரியாது. செருப்பு தெரியும்.

“மாசியில ஒருத்தன் வந்தான். வேர்வையில குளிச்சுகினு. செருப்பு இல்ல, பூட்ஸு. கம்பெனியில குடுக்கற மஞ்சா பூட்ஸு, பொணம் கனம் கனக்கும். அத வச்சுட்டு ஓடினான். ஏழு மணிக்கி வந்து திருப்பிக் குடுத்தான். காலு ரெண்டும் வெந்து போயிருந்திச்சு. குந்துடா, தண்ணி ஊத்தறேன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போவணும்னுட்டு அந்தக் காலோடயே பூட்ஸ மாட்டிகினு போய்ட்டான்.”

“பூட்ஸுல நம்பர் எதுனா எழுதியிருந்திச்சாக்கா?”

“குதிங்கால்ல வெள்ள பெயிண்டுல இருவத்தேழு. ரெண்டு மணி நேரம் என் ஸ்டூலுக்கு அடியில இருந்திச்சு, தெரியாதா.”

பொன்ராஜ் கீபோர்டைக் கொடுத்து செருப்பை மாட்டிக்கொண்டான். “இருவத்தேழு யாருன்னு யார்டு கேட்டுல விசாரிச்சா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிடும்.”

“விசாரிக்க வேணாம்,” என்றாள் செங்கொடி. “உருண்ட பின்னுக்கு மூடி போட்டா ஒத்துக்காதுன்னு காலையில நமக்கு சொன்னது யாரு? குச்சியால தொட்டுத் தொட்டே வேல பாக்கறவன் அவன். அது ஒத்துக்காதுன்னு அவனுக்கு எப்டி தெரியும்?”

பொன்ராஜ் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.

*

மாடி ஏறும்போது மணி ஐந்தே கால். புஷ்பவல்லியும் லோகநாதனும் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.

செங்கொடி நாற்காலியில் உட்கார்ந்தாள். வலி முதுகு வரை ஒரு தடவை ஏறி இறங்கியது. அது முடிகிறவரை காத்திருந்தாள்.

“லோகு. கல்மண்டபத்து குப்பம்மா ஒன் காலு ஆறிடுச்சான்னு கேட்டுச்சு.”

லோகநாதன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். எழுந்து ஓடுவான் என்று பொன்ராஜ் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றான். அவசியமே இல்லாமல் போனது.

“மூடலன்னா ஆப்சென்ட்டு ஆய்டும்க்கா,” என்றான் லோகநாதன்.

“புரியற மாதிரி சொல்லு.”

“ஷிப்டு மூணு மணி வரைக்கும். ஆனா சூப்ரவைசரு நிறுத்தி வச்சுக்குவான், நாலாவும், அஞ்சாவும். மூணுக்கு மேல செய்யற வேலய மெஷின் ஏத்துக்காது. அதனால எப்ப முடிச்சாலும் மூணுன்னு போட்டுத்தான் ஷிப்ட மூடணும். ஆறரைக்கி மெஷின ஆபீஸுல கொண்டுபோய் வைக்கணும். அதுக்குள்ள மூடாதவனுக்கு அன்னிக்கி ஃபுல்லா ஆப்சென்ட்டு. ஒருத்தன் பாத்ரூம் போனா, லாரியில மாட்டிகினா, பக்கத்துல கீறவன் மூடிடுவான். எல்லாரு நம்பரும் எல்லாருக்கும் தெரியும். நாப்பது பேரும் அப்டித்தான். எங்களுக்குள்ள அதுதான் தோஸ்தி.”

புஷ்பவல்லி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை.

“விழுந்தப்ப காலு ஒடஞ்சிருக்கும்னு தான் நெனச்சேன். ரத்தம் கூட இல்ல அண்ணி. ஆம்புலன்ஸுல ஏத்தறப்ப கண்ணத் தொறந்துகினு தான் கீறான். என் கையப் புடிச்சி, ‘லோகு, மூடிடு’ன்னான். மெஷின என் கையில குடுத்தான். குச்சி வேல செய்யல. ஆபீஸு கீபோர்டுக்கு கன்வெர்ட்டர் போட்டுப் பாத்தேன். ஆவல. அப்பறம் அலைஞ்சேன். ரெண்டு மணி நேரம். மெஷின கேட்டுக்கு வெளிய விட மாட்டானுங்க, கல்மண்டபத்துல கெடச்ச கீபோர்ட தூக்கிகினு யார்டுக்கு ஓடி மூடினேன். ஸ்டான்லிக்கிப் போவாம அதுக்கு அலைஞ்சேன். அவன் கேட்டது அது ஒண்ணுதான்.”

“நாலு மாசமா கேட்டுகினு கீறேன்,” என்றாள் புஷ்பவல்லி. “கடைசியா அவரு இன்னா சொன்னாருன்னு. ஒண்ணும் சொல்லல அண்ணின்ன.”

லோகநாதன் தலையை நிமிர்த்தவில்லை.

“மூணுன்னு நான் போட்டதே அவனுக்கு எதிரா வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாது. கோர்ட்டுல அந்தக் காயிதத்த நீட்டினப்பதான் தெரிஞ்சிது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வேற எதுனா வழி கெடைக்குமான்னுதான் அண்ணிய இங்க இட்டாந்தேன்.”

“வேற வழி இல்ல லோகு,” என்றாள் செங்கொடி. “மெஷினுல எழுதிக்கீறது மட்டும் பத்தாது. நாலு மாசமா இது புஷ்பவல்லி வூட்டுல இருந்திச்சு, நாங்களும் இன்னிக்கி கீபோர்டு சொருவிட்டோம். நீங்களே எழுதிக்கினீங்கன்னு வக்கீல் ஒரே போடா போடுவான். ஆறு மணிக்கு மெஷினும் போய்டும். ஆறு இருவத்தி ரெண்டுக்கு தட்டினது நான்தான், விழுந்தப்ப ஜெயவேல் வேலையிலதான் இருந்தான்னு நீ சொன்னாத்தான் உண்டு.”

பொன்ராஜ் காகிதம் எடுத்தான். செங்கொடி சொல்லச் சொல்ல எழுதினான். முக்கால் பக்கம் வந்தது. எந்தத் தேதி, எத்தனை மணி, யார் சொல்லி, எந்த கீபோர்டு. கடைசியில் பேர் எழுதி அதற்கு மேல் கையெழுத்துக்கு இடம் விட்டான்.

லோகநாதன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தான். பேனாவையும் வாங்கிக்கொண்டான்.

“நான் இதப் போட்டா எனக்கு வேல போவும். அது போவட்டும். நாப்பது பேரும் இதே தப்ப பண்ணிகினு கீறோம்னு ஊருக்கே தெரிஞ்சிடும். நாப்பது பேரையும் வெளிய தள்ளறதுக்கு இந்தக் காயிதம் போதும்க்கா.”

அவன் சொன்னது உண்மை.

“அவரு ஒனக்கு எத்தினி தபா மூடிக்கீறாரு?” என்றாள் புஷ்பவல்லி.

“கணக்கு இல்ல அண்ணி.”

“ஒன் கல்யாணத்தன்னிக்கி?”

“அன்னிக்கும்தான்.”

அவள் சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

படியில் காலடி கேட்டது. கம்பெனி ஆள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பாகவே வந்துவிட்டான். இன் செய்த சட்டை, கையில் ரசீதுப் புத்தகம். கைக்கணினியைத் திருப்பிப் பார்த்தான், புது பேட்டரியைப் பார்த்தான், ரசீதை நீட்டினான். புஷ்பவல்லி ரசீதில் கையெழுத்துப் போட்டாள். கொண்டுபோனான். மூன்று நிமிஷம் கூட ஆகவில்லை.

லோகநாதன் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தான்.

“பசங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடறேன். ஞாயித்துக்கிழம, எல்லாரும் தேரடியாண்டதான் இருப்பானுங்க. கேக்காம போட முடியாது.”

“எத்தினி மணிக்கி வருவ?”

“ஏழுக்குள்ள.”

அவன் இறங்கிப் போனான். ஜன்னல் வழியாகப் பொன்ராஜ் பார்த்துக்கொண்டிருந்தான். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் இடுக்கில் லோகநாதனின் தலை இரண்டு தடவை தெரிந்தது, பிறகு தெரியவில்லை.

“வருவானாக்கா?”

“தெரியாது.”

“பின்னாடியே போவட்டா?”

“போயி இன்னா பண்ணுவ? கையப் புடிச்சிகினு போட வைப்பியா?”

ஆறரை ஆயிற்று. பொன்ராஜ் கீழே போய் மூன்று டீ வாங்கி வந்தான். புஷ்பவல்லி குடித்தாள். ஹெல்மெட்டையும் டிபன் பாக்ஸையும் சாக்கில் போட்டாள், வாயைக் கட்டினாள், எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் அந்த முக்கால் பக்கக் காகிதம் இருந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்கச் செங்கொடி அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

சைக்கிள் கடைக்காரன் ஷட்டரை இழுத்தான். அவன் தினமும் ஏழு மணிக்கு இழுப்பான்.

ஜெயவேலுக்கு லோகநாதன் தர வேண்டியது ஒரு கையெழுத்து. அது இன்னும் பாக்கி.